மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 9

அண்ணிக்கு,

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் வீட்டில் போனை எடுத்தால் கூடத்தில் மாப்பிள்ளை, சமையலறையில் மகள், தொட்டிலில் குழந்தை. நீங்கள் "ம், ம், சரி" என்று மட்டும் சொல்வீர்கள். அது போக, நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது பேச்சில் என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்த உங்கள் தம்பி, வந்துவிடுகிறார். அப்புறம் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். எழுதினால் பேனாவை வைத்துவிட்டுப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வரலாம். எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள். நீங்களும் ஐந்தாவது, நானும் ஐந்தாவது.

விஷயம் இதுதான். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போய் வந்தேன்.

நானாகப் போகவில்லை. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் சாப்பாட்டு நேரத்தில் வந்து, எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். கேன்சரைக் கொண்டு வருகிற கிருமி உள்ளே இருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்கிற பரிசோதனை, எல்லாரும் வாங்க என்றார். நான் தட்டைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன். விடவில்லை.

"எனக்கெதுக்குங்க? வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆச்சு" என்றேன்.

"அந்தக் கிருமி புருஷன் பொண்டாட்டி சேரும்போது ஒட்டறதுதான், ஆனா நேத்து வந்ததா இருக்கணும்னு இல்லம்மா. எத்தனையோ வருஷம் சத்தம் போடாம உள்ளயே கிடக்கும். தனியா இருக்கறவங்களும்தான் வரணும்."

பக்கத்தில் இருந்த காலர் தைக்கிற பெண், "போய்ட்டு வாக்கா, அரை நாள் லீவு தர்றாங்க" என்றாள். அந்த அரை நாளுக்காகத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டில், ஒரு போர்வை, ஒரு விளக்கு, பல் விளக்குகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று. தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வெட்கப்பட்ட நேரம்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் முழுக்க அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். வைரஸ் காணப்படவில்லை. முடிவு நார்மல். அடுத்த பரிசோதனை ஐந்து வருடம் கழித்து.

சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்கு முடியவில்லை அண்ணி. நார்மல் என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. உங்கள் தம்பி நெஞ்சு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்து, வாசலிலிருந்தே பேப்பரை ஆட்டிக்கொண்டு, "நார்மல்டி! இன்னும் நாப்பது வருஷம் நான்தான் உனக்குத் தலைவலி" என்று கத்தினார். மூன்று மாதம் தாண்டவில்லை.

என் வேலையும் சேர்ந்து குழப்புகிறது. தைத்த துணிக்குள் ஒடிந்த ஊசி கிடந்தால் கத்துகிற நம் மெஷின் இருக்கிறதே, நீங்கள் வேலையை விட்ட பிறகு புதிதாக மாற்றிவிட்டார்கள். இதற்குக் கத்தல் ஜாஸ்தி. ஸ்பேர் பார்ட்ஸ் ரூமிலிருந்து வந்து பார்த்த உங்கள் தம்பி, பழசுக்கு வைத்த பேரையே இதற்கும் வைத்துவிட்டார்: மாமியார். காலையில் முதல் வேலை, இரும்புப் பொட்டு பதித்த அட்டையை உள்ளே விட்டுப் பார்ப்பது. அட்டைக்குக் கத்தினால் மெஷின் உயிரோடு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி அட்டை. அட்டை விடாத மெஷின் சும்மா இருந்தால் என்ன அர்த்தம்? துணி சுத்தம் என்றா, மெஷின் செத்துவிட்டது என்றா?

எனக்கு எடுத்ததற்கு யார் அட்டை விட்டுப் பார்த்தார்கள்? ஐந்து வருடம் எப்படிச் சும்மா இருப்பது? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

அவருடைய பெல்ட் இன்னும் என் கைப்பைக்குள்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


மார்ச் 17

ஒரு வருடமாக வாயே திறக்காத வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான்.

முதலில் ஒன்று சொல்கிறேன். மாமியார் என்று நீங்கள் இரண்டு பேரும் மெஷினுக்குப் பேர் வைத்தீர்களே, அது என்னைப் பெற்றவள் என்பது ஞாபகம் இருக்கட்டும். என் அம்மா அவ்வளவு ஒன்றும் கத்தியதில்லை. கொஞ்சம் கத்துவாள்.

ஏண்டி, நல்ல சேதி வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாதா உனக்கு? ஊரில் எத்தனை பேர் இந்தக் கடிதத்துக்காக வேண்டிக்கொண்டு கிடக்கிறார்கள். நீ என்னடா என்றால் அட்டை விட்டாயா, பொட்டு விட்டாயா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகிறாய். தம்பிக்கு நடந்ததை இதோடு முடிச்சுப் போடாதே. அவன் விதி வேறு.

எனக்கும் போன வருடம் எடுத்தார்கள். மகள் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தபோது அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நார்மல். அந்தப் பேப்பரை நாலாக மடித்துப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனசு சஞ்சலப்பட்டால் எடுத்துப் பார்ப்பேன், மறுபடி வைத்துவிடுவேன். அவ்வளவுதான் வேலை.

நான் கம்பெனியில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், பேக்கிங்கில் நின்றவள். மெஷினைத் தாண்டி வந்த துணி எங்கள் பக்கம் வந்துவிட்டால் வந்ததுதான். உங்கள் பக்கம் திரும்பிப் போகாது. மடித்தோமா, பெட்டியில் போட்டோமா, ஒட்டினோமா, முடிந்தது. பாஸ் ஆன சரக்கைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஒரு பெட்டி வெளியே போகுமா? நீயும் பாஸ், நானும் பாஸ். மடித்து வை, வேறு வேலையைப் பார்.

இங்கே எனக்கு நிற்க நேரமில்லை. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். அவனைத் துரத்துவதிலேயே பொழுது போகிறது. இப்போது விடியுமுன்னே எழுந்துவிடுகிறேன், மகள் எழுவதற்குள் என் துணியைத் தனியாக அலசிப் போட்டுவிட வேண்டியிருக்கிறது. இந்த வயசில் நான் இரண்டாம் தடவை வயசுக்கு வந்திருக்கிறேன் போல, சிரிக்காதே. அதை விடு. பேரன் கொள்ளை அழகு. மூக்கு அப்படியே தம்பி மூக்கு. மாப்பிள்ளை தன் மூக்கு என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

பெல்ட்டை ஏன் வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய பழைய சீப்பு என்னிடம் இருக்கிறது, நீ கேட்டாயா?

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

நர்ஸிடம் போனேன். நீங்கள் சண்டை என்று சொன்னது சரிதான், சண்டைக்குத்தான் போனேன். கடிதத்தை மேஜைமேல் வைத்து, "இத மறுபடி எடுங்க" என்றேன்.

"ஏம்மா, ஏதாவது தொந்தரவா?"

"ஒண்ணும் இல்ல. நம்பிக்கை இல்ல."

அந்தப் பெண் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஊசி மெஷின், அட்டை, மாமியார் எல்லாம் சொன்னேன். மாமியார் என்றதும் சிரித்துவிட்டாள். அவளுக்கும் ஒன்று இருக்கிறதாம்.

"லேப்லயும் அட்டை விடுவாங்கம்மா. உங்க அட்டை மாதிரியே, கிருமி இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ணு, இல்லன்னு தெரிஞ்ச ஒண்ணு, ரெண்டையும் கூடவே போட்டுப் பாப்பாங்க. மெஷின் சரியா சொல்லுதான்னு பாக்காம உங்களுக்கு எழுத மாட்டாங்க. எடுத்தது பத்தலைன்னா பத்தலை, திரும்ப வாங்கன்னு எழுதுவாங்க. நார்மல்னு எழுத மாட்டாங்க."

"அப்போ எனக்கு வரவே வராதுன்னு எழுதிக் கொடுங்க."

"அத யாரும் எழுதித் தர முடியாது. நான் சொல்றத நல்லாக் கேளுங்க. இந்தக் கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கிருமியால வர்றது. அது இப்போ உங்ககிட்ட காணல. இனிமே ஒண்ணு வந்து, தங்கி, உள்ள கெடுத்து, கேன்சரா மாற பல வருஷம் ஆகும். அதான் அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கங்கறோம். அது வரைக்கும் உங்களுக்கு வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. கம்மிதான், சுத்தமா இல்லன்னு சொல்லல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்தா அந்தக் கம்மி இன்னும் கம்மி ஆகாது. உங்களுக்கு அலைச்சல்தான்."

எல்லாருக்கும் ஐந்து வருடமா என்று கேட்டேன். இல்லையாம். அவரவர் கடிதத்தில் போட்டிருக்கிற தேதிதான் அவரவருக்கு. முன்னே ஏதாவது வந்து வைத்தியம் பார்த்தவர்கள், உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மாதிரி சிலரைச் சீக்கிரமே கூப்பிடுவார்களாம்.

அவர் விஷயத்தையும் சொன்னேன். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "நெஞ்சு டெஸ்ட் வேற, இது வேறம்மா. அது அன்னிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு எப்படி ஓடுதுன்னு பாக்கறது. இது வரப்போற வருஷங்களுக்கும் சேத்துச் சொல்றது. பேர் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியது. கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் அண்ணி, கதவு வரைக்கும் வந்து அவள் இதைச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு. நடுவுல ரத்தம் பட்டுச்சுன்னா, மாசாமாசம் வர்றது நின்னு போனதுக்கு அப்புறம் துளி ரத்தம் பட்டாலும் சரி, வழக்கமில்லாத வெள்ளை, வாடை, அடிவயித்து வலி, எது வந்தாலும் அஞ்சு வருஷத்தை எண்ணிக்கிட்டு உக்காராதீங்க. அடுத்த நாளே டாக்டர்கிட்ட போகணும். அதுக்கு எல்லாம் கேன்சர்னு அர்த்தம் இல்ல, நிறையப் பேருக்குச் சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு இந்தப் பேப்பர் பதில் இல்ல."

நான் தெருவில் பாதி தூரம் வந்துவிட்டேன். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். விடியுமுன்னே எழுந்து தனியாக அலசுகிற துணி. இரண்டாம் தடவை வயசுக்கு வந்தது. உங்களுக்கு நின்றே மூன்று வருடம் ஆகிறது அண்ணி. நின்ற சந்தோஷத்தில் நாம் இரண்டு பேரும் டீக்கடையில் கேக் வாங்கித் தின்றோமே.

சிரிக்காதே என்றீர்கள். சிரிக்கவில்லை. எப்போதிருந்து? டாக்டரிடம் காட்டினீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி போதும்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

ஒரு விளையாட்டுப் பேச்சை எழுதினால் அதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கே டாக்டர் வேலை பார்க்கிறாய். நர்ஸிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் நீயும் நர்ஸ் ஆகிவிட்டாயா?

ஒன்றும் இல்லை. எப்போதாவது துளி படுகிறது. குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், மாடிப்படி ஏறுகிறேன், சூடு. போன வருடம் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னுடையதில் முத்திரை கூட இருக்கிறது.

இங்கே டாக்டரிடம் போக வேண்டுமானால் மகளிடம் சொல்ல வேண்டும். அவள் பால் கொடுக்கிறவள். பயந்தாள் என்றால் பால் வற்றிவிடும். மாப்பிள்ளை கார் எடுப்பார், அவருக்கு விஷயம் தெரியும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த மனிதரோடு சாப்பிட உட்காருவேன்?

இந்தக் குடும்பத்துக்கு ஒரு சாவு போதும். போய்ப் பார்த்தால்தானே எதையாவது கண்டுபிடிப்பார்கள். என் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், அவனுக்கே நான் இன்னும் அழுது முடிக்கவில்லை. என் முறைக்கு இப்போது எனக்கு நேரமில்லை.

இதைப் பற்றி இனி எழுதாதே. எழுதினால் பதில் வராது.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

பதில் வேண்டாம். படித்தால் போதும். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் கேட் பக்கம் போய், வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணனும் இதுல வந்துதான் உக்காருவார்" என்றார்.

"எப்போ?"

"கடைசி ஒரு மாசமா. ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்லேர்ந்து பெட்டியத் தூக்கிட்டு வருவார், பாதியில இங்க உக்காந்துருவார். வேர்த்து ஊத்தும். என்னண்ணே மூச்சு வாங்குதே, டாக்டரப் பாரேன்னு சொல்வேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். 'நார்மல்டா. பேப்பர் கையில இருக்கு, எனக்கென்ன'ம்பார். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

எனக்குத் தெரியாது அண்ணி. வீட்டில் ஒரு நாளும் சொல்லவில்லை. வீட்டில் படியே கிடையாதே, எங்கே மூச்சு வாங்கும்?

ஒரு வருடமாக நான் அந்த டாக்டரைச் சபித்துக்கொண்டிருந்தேன். பொய் எழுதிக் கொடுத்தான், பாவி என்று. பொய் இல்லை. அன்றைக்கு அவருக்கு இருந்ததைத்தான் எழுதினார். அதற்கப்புறம் உடம்பு வேறு ஒன்று சொன்னது. உங்கள் தம்பி உடம்பு பேச்சைக் கேட்கவில்லை, சட்டைப் பையில் இருந்த பேப்பர் பேச்சைக் கேட்டார். போன மாதம் துணிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அக்காவுக்கும் தம்பிக்கும் மூக்கு மட்டும்தான் ஒன்று என்று நினைத்தேன். புத்தியும் ஒன்றாக இருக்கிறது.

மஞ்சள் கோடு பற்றிச் சொன்னீர்கள். பாஸ் ஆன சரக்கு இந்தப் பக்கம் திரும்பி வராது என்றீர்கள். அண்ணி, பின் டப்பா கவிழ்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? குழந்தைச் சட்டைகள், நான் மெஷினில் பார்த்து அனுப்பியது. நீங்கள் மடித்துப் பெட்டியில் அடுக்கி, ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. விலைச் சீட்டு குத்துகிற பையன் கை தட்டி, பின் டப்பா பெட்டிக்குள்ளேயே கவிழ்ந்துவிட்டது. சூப்பர்வைசர் என்ன சொன்னார்? "பாஸ் ஆனதுதானே, கண்ணுல பட்டதப் பொறுக்கிட்டு ஒட்டும்மா, லாரி நிக்குது" என்றார். நீங்கள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி நேரே என்னிடம் வந்தீர்கள். "பாஸ் ஆனப்போ இது இல்ல சார். அப்புறம் விழுந்தது. அப்புறம் விழுந்ததுக்கு முன்னாடி போட்ட பாஸ் எப்படிப் பதில் சொல்லும்?" என்று கேட்டீர்கள். இரண்டு பின் கிடைத்தது. லாரி அரை மணி நேரம் நின்றது. உங்கள் தம்பி அன்றைக்கு வீட்டில் அத்தனை பேரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், "எங்கக்கா கோட்டத் தாண்டிட்டா" என்று.

நீங்கள் பெற்ற பிள்ளைக்கு இல்லை, யாரோ பெற்ற குழந்தைக்கு அதைச் செய்தீர்கள். உங்களுக்கு ஒரு தடவை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊசி மெஷின் இரும்புக்குத்தான் கத்தும். உடைந்த பிளாஸ்டிக் பட்டன் உள்ளே கிடந்தால் சும்மாதான் இருக்கும். அது மெஷினின் குறை இல்லை, அதற்குத் தேடச் சொன்னது இரும்பை. நர்ஸிடம் மறுபடி போய் உங்கள் பேரைச் சொல்லாமல் கேட்டேன். அந்தப் பரிசோதனையும் அப்படித்தானாம். அது கர்ப்பப்பை வாயில் அந்தக் கிருமியைத் தேடுகிறது. ரத்தம் வேறு இடத்திலிருந்து, வேறு காரணத்தால் வரலாம். சதை வளர்ந்திருக்கலாம், கர்ப்பப்பையின் உள்தோல் மெலிந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். "பயந்துகிட்டு இருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கூட யாராவது போங்க" என்றாள்.

அதனால் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பஸ். உங்கள் மகளிடம் குழந்தையைப் பார்க்க வருகிறேன் என்று நானே போனில் சொல்லிவிட்டேன், "வாங்கத்தை, வாங்க" என்று ஒரே சந்தோஷம். திங்கள்கிழமை நாம் இரண்டு பேரும் துணி எடுக்கப் போகிறோம். எங்கே எடுக்கிறோம் என்று மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம்.

என் மேல் கோபம் இருந்தால் கதவைத் திறக்காதீர்கள். உங்கள் மகள் திறப்பாள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


மே 6

வாயாடிக்கு,

நீ பஸ் ஏறிப் போன பிறகு வீடு ஓவென்று இருந்தது. பேரன் இரண்டு நாள் வாசலைப் பார்த்து "த்தா, த்தா" என்றான். உன்னைத்தான் என்று மகள் சொல்கிறாள். கதவைச் சாத்து என்கிறான் என்று நான் சொன்னேன்.

சேதி வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரியை முதலில் படிப்பாய். கெட்டது எதுவும் இல்லை. அன்றைக்கு நீ என் கையை நசுக்கிக்கொண்டு நின்றபோது எடுத்தார்களே, அந்தப் பயறு அளவு சதை, அது கர்ப்பப்பை வாயில் தொங்கின சாதாரணச் சதையாம். லேப்பில் பார்த்துவிட்டார்கள். ஸ்கேனில் உள்தோலும் சரியாக இருக்கிறதாம். ரத்தம் அந்தச் சதையிலிருந்துதான். எடுத்த பிறகு ஒரு துளி இல்லை. விடிந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன் இப்போதெல்லாம். ராணி மாதிரி.

அந்த டாக்டர் பெண் இருக்கிறாளே, நம் காலர் பெண்ணைவிடச் சின்னவள். முடிவு சொல்லும்போது நான் பெட்டியிலிருந்து பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "அப்ப இது தப்பா?" என்று கேட்டேன். "தப்பே இல்லம்மா, இது இன்னிக்கும் சரிதான். இதுல போட்டிருக்கிற தேதிக்கு அடுத்த பரிசோதனைக்கு வரணும். ஆனா மறுபடி ரத்தம் பட்டா தேதியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க" என்றாள். சொல்லி வைத்த மாதிரி உன் நர்ஸ் பேச்சையே பேசுகிறாள். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது.

மகளுக்குத் தெரிந்துவிட்டது. முடிவு வந்துவிட்டதென்று டாக்டர் இங்கே போன் செய்தபோது அவள்தான் எடுத்தாள். திட்டு என்றால் திட்டு, என் அம்மா தோற்றாள். "நான் பிரசவ வலியில கெடந்தப்ப நீ கதவுக்கு வெளிய நின்னியா, உள்ள நின்னியா? உனக்குன்னா மட்டும் நான் வெளிய நிக்கணுமா?" என்று கேட்டாள். பால் ஒன்றும் வற்றவில்லை. மாப்பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கார் எடுத்தார், வழி முழுக்க மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். மூக்கை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் எழுந்து ஓடிவிடப் பார்த்தேனே. நீ கையைப் பிடித்து, "அவருக்கு இப்படிக் கூட வர எனக்குக் குடுத்து வைக்கல அண்ணி, உங்களுக்காவது வர்றேன்" என்றாய். அதற்கப்புறம்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

இரண்டு பேப்பரையும் இப்போது சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. துணிக்கு அடியில் இல்லை.

உன்னுடையது எங்கே? டீத்தூள் டப்பாவுக்கு அடியிலா இன்னும்?

அண்ணி


மே 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை முடிந்து வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறியதும் கண்டக்டர் அம்மா, "என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டார். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போல. "நார்மல்" என்றேன். அந்த வார்த்தையை நானே சத்தமாகச் சொன்னது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

என் கடிதம் டப்பாவுக்கு அடியில் இல்லை. நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஐந்து வருடம் கழித்துப் போகிற நாளை நர்ஸும் அவள் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள், கூப்பிடுவார்களாம். உங்களுக்கு எனக்கு முன்னால் வரும். அதற்கு நான் வருகிறேன், எனக்கு நீங்கள் வாருங்கள். காலர் தைக்கிற பெண்ணும் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அரை நாள் லீவு என்றுதான் சொல்கிறாள்.

இன்னொரு சமாச்சாரம். நேற்றுக் காலை மெஷினைப் போட்டால் அட்டையைக் காணோம். யாரோ கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அட்டை இல்லாமல் ஒரு துணி விடக்கூடாது. வரிசையில் பெட்டி பெட்டியாக நிற்கிறது, சூப்பர்வைசர் அங்கிருந்து கத்துகிறார், பெண்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கைப்பையைத் திறந்து, இரும்புக் கொக்கி போட்ட அவருடைய பெல்ட்டை எடுத்து, சுருட்டி, மெஷினுக்குள் துணி ஓடுகிற பட்டைமேல் வைத்துவிட்டேன்.

அண்ணி, அந்த மெஷின் கத்தினது பாருங்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேருக்குப் பெல்ட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தினமும் அவர் அந்த வழியாகப் போகும்போது இதை அவிழ்த்துப் போட்டு, "மாமியார் முழிச்சிருக்காங்களா பாத்தேன்" என்பாரே. காலர் பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் வரிசை முழுக்க. அப்புறம் நானும்.

சூப்பர்வைசர் அட்டையைத் தேடிக் கொண்டுவந்து முறைப்படி விட்டார், அதற்கும் கத்தியது. மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க, சாயங்காலம் வரைக்கும், ஒரு துணிக்குக்கூடக் கத்தவில்லை. நானும் அதை நம்பினேன். நிம்மதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட் இப்போது வீட்டில், கதவுக்குப் பின்னால், அவர் எப்போதும் மாட்டுகிற இடத்தில். கைப்பை கனம் இல்லாமல் இருக்கிறது.

சீப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வாயாடி